அறுபத்திரண்டில் நின்ற திரை

786
மத்திகிரி
5-9-1993

இஞ்சினியரம்மா ஜோதிமணி அவுங்களுக்கு மெஹபூப் பாஷா எழுதிக்கிறது.

நான் நல்லா இல்ல. நீங்க நல்லா இருப்பீங்க. எனக்கு எழுத்து அவ்வளவா வராது. மூணாவது படிக்கறப்பவே ஆடு மேய்க்க அனுப்பிட்டாங்க. பேசற மாதிரியே எழுதறேன், கேக்கற மாதிரி படிச்சுக்குங்க. இந்தப் பேப்பரு ரெண்டு ஓரத்துலயும் ஓட்ட ஓட்டயா இருக்கும். கம்ப்யூட்டர் பேப்பரு தான். திருடுனதில்ல, மிச்சம் புடிச்சது. செல்வத்தோட பொண்ணு முத்துமணிகூட இதுல தான் கணக்குப் போடுது. நாலாம் கிளாஸ் வந்துருச்சு. நீங்க கம்ப்யூட்டர் மாட்ட வந்து எங்க வீட்ல இருக்கறப்ப ரெண்டாவது, உங்க கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டு ஓடுச்சே, அந்தப் பொண்ணு.

சங்கதிக்கு வரேன். ஆகஸ்ட் ஒம்பதாம் தேதி, திங்கக்கெழம, சாயங்காலம் மூணே முக்காலு. செல்வம் ரெண்டாவது ஷிப்டு. ஃபர்னஸ்ல இருந்து செவசெவன்னு வந்த கியர் கூடைய எண்ணெத் தொட்டியில எறக்குனான். அது மூணாவது கூட. எண்ணெ எண்பது டிகிரிக்கு மேல இருந்தா எறக்கக்கூடாதுன்னு நீங்க தான் சொல்லிக் குடுத்தீங்க. ஸ்கிரீன்ல அறுபத்திரண்டுன்னு பாத்துட்டுத் தான் எறக்குனேங்கறான். நான் அப்ப டீக்குப் போயிருந்தேன், ஸ்கிரீனப் பாக்கல. எண்ணெ குபீர்னு புடிச்சுருச்சு. கூட நின்ன சுடலைமுத்து மூணாம் நாளு போயிட்டான். திருநெவேலிக்காரப் பையன், கல்யாணம் பேசி வெச்சிருந்தாங்க. செல்வத்துக்கு ரெண்டு கையும் மூஞ்சில பாதியும் போச்சு. பெங்களூர் ஆஸ்பத்திரில கெடக்கறான்.

போன வாரம் விசாரண. ஸ்கிரீன்ல அப்படி இல்லவே இல்ல, இவன் பாக்காம எறக்கிட்டான்னு எழுதிட்டாங்க. கூட எறங்குனா தன்னால பேப்பர்ல அடிக்கும், அன்னிக்கி மத்தியானம் பேப்பர்ல ஒண்ணுமே இல்ல, அதனால கம்ப்யூட்டர நிறுத்திட்டுக் கையால எறக்கியிருக்கான், அப்புடின்னாங்க. அப்புறம் உங்க கம்பெனி லெட்டர மேனேஜர் படிச்சாரு. "இருவது நாளு ஓட்டிப் பாத்தோம், எந்தக் கொறையும் இல்ல". கீழ உங்க கையெழுத்து. எங்க வீட்ல மூணு மாசம் சாப்ட்ட கை.

சுடலையோட அப்பன் ஆஸ்பத்திரிக்கி வந்து, "எவம்ல எறக்குனது?"ன்னு கேட்டாரு. செல்வத்தோட சம்சாரம் சரஸ்வதி அவரு கால்ல விழுந்துருச்சு.

இப்ப செல்வம் ஒரே கேள்வி தான் கேக்கறான். "பாய், நான் பாத்தது அறுபத்திரண்டு தானா? இல்ல நூத்தி அறுபத்திரண்ட அப்படிப் பாத்துட்டேனா? அந்தப் பையன நான் கொன்னுட்டேனா?" டாக்டர் கேட்டாலும் இதையே தான் சொல்றான். சாப்பாடு எறங்க மாட்டேங்குது.

நான் உங்கள வேற ஒண்ணும் கேக்கல. அவன் பாத்தது சரியா தப்பா? அத மட்டும் எழுதுங்க.

மெஹபூப் பாஷா

*

பூனா
13-9-1993

மெஹபூப் பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சுடலைமுத்து இறந்த செய்தி எனக்கு இதுவரை தெரியாது. விபத்து, விசாரணை என்று மட்டும்தான் எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். மிகவும் வருந்துகிறேன்.

நான் கையெழுத்திட்ட கடிதத்தில் பொய் இல்லை. உங்கள் தொழிற்சாலையில் இருப்பதைப் போன்றே ஒரு கம்ப்யூட்டர் இங்கே எங்கள் ஆய்வறையில் இருக்கிறது. அதை இருபது நாள் இரவும் பகலும் ஓட்டினோம். நிற்கவில்லை. அதைத்தான் எழுதினேன். செல்வம் என்ன பார்த்தார் என்று நான் எழுதவில்லை, எழுதவும் முடியாது. விபத்தன்று மின்சாரத்தைத் துண்டித்ததும் மெமரியில் இருந்த எல்லாம் அழிந்துவிட்டது. பேப்பரிலும் எதுவும் இல்லை. சாட்சி இல்லாத ஒன்றுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல இயலாது.

என்னிடம் கோபப்படுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் எனக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஹமீதுன்னிசா அக்காவிடம் என்னைத் தவறாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜோதிமணி

*

786
மத்திகிரி
20-9-1993

ஜோதிமணிக்கு.

உன் லெட்டர ஹமீதுன்னிசாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கடைசி வரி வந்ததும், "தப்பா நெனைக்கலன்னு எழுதிடுங்க, ஆனா ஜோதிக்கு மேல ஆளு இருக்குன்னா ஜோதிக்குக் கீழ யாரு இருக்கான்னு கேளுங்க"ன்னா. நானா சொல்லல, அவ சொன்னது.

நீங்க வாங்கன்னு எழுதணும்னு தான் உக்காந்தேன். வர மாட்டேங்குது. போவுது, நீ-ன்னே எழுதறேன்.

சாட்சி இல்லங்கற. நான் ஒண்ணு சொல்றேன். அந்த மெஷினு முன்னாடியே மூணு தடவ மலச்சுப் போய் நின்னுருக்கு. நாங்க அப்புடித் தான் சொல்லுவோம், மலச்சுப் போச்சுன்னு. சூளகிரி சந்தையில ஒரு காள பாத்திருக்கேன். லாரி ஆரன் கேட்டதும் நடு ரோட்டுல நின்னுரும், அடிச்சாலும் கண்ணு கொட்டாது. வெலைக்கு வாங்குனவன் திரும்பக் கொண்டாந்து விட்டு, பெரிய ரகள. அது கெடக்கட்டும். அதே மாதிரி ஸ்கிரீன்ல நம்பரு நின்னுரும். நான் இல்லாதப்ப என் சீட்ல உக்கார்ற திம்மராயன் பாத்துட்டு, "ஏனு பாய், உங்க மெஷின் நிந்த் ஹோய்த்தா?"ம்பான், நின்னு போச்சான்னு கன்னடத்துல. நாங்க சுச்ச அமத்தி மறுபடி போடுவோம். சரியாயிரும். யாரும் எழுதி வைக்கல. எழுதுனா மறுநாளு ஏன் எழுதுனேன்னு கேப்பாங்க.

இன்னொண்ணு. முன்னெல்லாம் இப்புடி நின்னதில்ல. ஜூன் மாசம் புது ஜெனரேட்டர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளைக்கு ஒருக்கா கரண்டு போவும், மெஷினும் போவும், வரும். இப்பக் கரண்டு போறதே இல்ல. பெருமையா சொல்லிக்கிட்டிருந்தோம். கரண்டு போகாம இருக்க ஆரம்பிச்ச அப்புறம் தான் மலச்சு நிக்குது. இதுக்கு என்ன அர்த்தமோ, படிச்ச நீ தான் சொல்லணும்.

எண்ணெத் தொட்டியில முந்தி ஒரு டயலு இருந்துச்சில்ல, முள்ளு வெச்சது? கம்ப்யூட்டர் வந்துருச்சே இனி எதுக்குன்னு கழட்டி ஸ்டோருல போட்டுட்டாங்க. அது இருந்திருந்தா செல்வம் அதையும் ஒரு பார்வ பாத்திருப்பான்.

அவனுக்குச் சீழ் புடிச்சுருச்சு. சரஸ்வதி கரண்டியில ஊட்டுனா துப்பிடறான்.

மெஹபூப் பாஷா

*

பூனா
28-9-1993

பாய்,

அந்த ஜெனரேட்டர் விஷயத்தைப் படித்த அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைகளையும் நடத்துகிற அடிப்படை நிரல் ஒன்று இருக்கிறது. கர்னல் என்போம். உங்கள் மெஷினின் கர்னலை எழுதியது நான். ஒவ்வொரு வேலை வரும்போதும் கர்னல் அதற்கு மெமரியில் ஒரு துண்டைக் கொடுக்கும். வேலை முடிந்ததும் துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கேயோ ஓரிடத்தில் வாங்காமல் விட்டிருந்தால், துண்டுகள் ஒவ்வொன்றாகக் கசிந்து போகும். வெளியே ஒன்றும் தெரியாது. மின்சாரம் போய் வந்தால் எல்லாத் துண்டும் திரும்பிவிடும். மின்சாரமே போகாவிட்டால், ஒருநாள் கடைசித் துண்டும் தீரும். அப்போது திரையில் எண்ணை மாற்ற வேண்டிய வேலை தனக்கு ஒரு துண்டு கிடைக்கட்டும் என்று காத்து நிற்கும். கிடைக்கவே கிடைக்காது. கடைசியாக எழுதிய எண் அப்படியே நிற்கும். எண்ணெயைக் குளிரவைக்கும் பம்பை ஓட்டச் சொல்லவும் ஆள் இருக்காது.

செல்வத்துக்கு அப்படித்தான் நடந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லை. நடந்திருக்கலாம். எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்தால்தான் அதைச் சொல்ல முடியும். நிரல் முழுவதையும் அச்செடுத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்; வரிவரியாகப் படிக்கிறேன். ஆனால் இங்குள்ள மெஷினில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. உங்களிடம்தான் குறைகிறது.

ஆகவே ஓர் உதவி. கீபோர்டில் மேல் வரிசையில் F7 என்ற பட்டனை அமுக்கினால், திரையின் மூலையில் ஓர் எண் வரும். மிச்சமிருக்கும் துண்டுகள் அவை. மணிக்கொரு முறை அதை எழுதிவையுங்கள். இரவு ஷிப்டில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். எண் நூறுக்குக் கீழே போனால், தொட்டிக்கு மேல் கூடை எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து மெஷினை நிறுத்திப் போடுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஜோதிமணி

*

786
மத்திகிரி
17-10-1993

ஜோதிம்மாவுக்கு.

நம்பரெல்லாம் தனிப் பேப்பர்ல எழுதி இதோட மடிச்சு வெச்சிருக்கேன். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு 412. சாயங்காலம் அஞ்சுக்கு 374. அன்னிக்கி மட்டும் ராத்திரி ஷிப்டுக்கு நின்ன திம்மராயன் எழுதுனான், விடிய விடிய 374. ஒண்ணு கொறையல. மறுநாளு நான் வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா மறுபடி எறங்குது. சாயங்காலம் 335.

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. வெள்ளிக்கெழம பன்னண்டரைக்கு ஜும்மாவுக்குப் போனேன், ரெண்டு மணிக்கு வந்தேன். அந்த ஒண்ணர மணி நேரமும் திம்மராயன் தான் என் சீட்ல. போறப்ப 243, வர்றப்ப 243. அடுத்த வெள்ளியும் அப்புடித் தான், அசையல. கூட என்னவோ எப்பவும் போல எறங்கி ஏறிக்கிட்டுத் தான் இருந்துச்சு. அப்ப நான் ராசி கெட்டவனா? மெஷினுக்கு என்னக் கண்டா ஆவாதா? ஹமீதுன்னிசா கிட்ட சொன்னேன். "தொழுவப் போற நேரத்துல மெஷினும் அடக்கமா இருக்கு போல"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

நீ துண்டு குடுத்து வாங்கறதப் பத்தி எழுதுனியா, அதுல ஒரு ஞாபகம். எங்க சின்ன மாமனாரு சாந்த் பாஷா கிருஷ்ணகிரில பெரிய கல்யாணச் சமையக்காரரு. வாடகைப் பாத்திரம் எடுப்பாரு. நல்ல பித்தளக் கரண்டி, நீட்டக் காம்பு. ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒண்ணு ரெண்டு கொறையும். மனுசன் சும்மா விடுவாரா? வேல முடிஞ்சு போற ஒவ்வொருத்தன் பையையும் அவுத்துப் பாப்பாரு. ஒரு தடவ மாப்பிள்ள மாமன் பையையே அவுத்துட்டாரு, தாலி கட்டுன வீட்ல சண்ட. அந்த மாமன் யாருன்னா, நம்ம ஷேக் தாவூத் ராயக்கோட்ட ரோட்ல கசாப்புக் கட வெச்சிருக்காரே, அவரு அண்ணன். சரி, அது போவட்டும். ஒருத்தன் பையிலயும் கரண்டி இல்ல. கடைசில பாத்தா எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளுல கெடக்குது. யாரு போட்டது? டீ வரலன்னு, கூலி பத்தலன்னு, பாதி வேலயில கோவிச்சுக்கிட்டுப் போறானே, அவன் போட்டது. வேலய முடிச்சவன் ஒழுங்கா குடுத்துட்டுத் தான் போவான். பாதில போறவன எவன் நிறுத்திக் கரண்டிய வாங்குனான்?

செல்வம் ஒரு வாரமா பேசறதில்ல. கண்ணத் தொறந்து கூரையப் பாத்துக்கிட்டு இருக்கான். நான் போய் நின்னா மட்டும் உதட்டுல "அறுபத்திரண்டு"ன்னு வருது. சத்தம் இல்ல.

சீக்கிரம் எழுது.

மெஹபூப் பாஷா

*

பூனா
25-10-1993

பாய்,

உங்கள் மாமனார் தேடியது போலத்தான் நானும் தேடியிருக்கிறேன். வேலை முடிகிற இடங்களில் மட்டுமே துண்டு திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வேலை பாதியில் கைவிடப்படுகிற இடங்களைப் பார்க்கவே இல்லை. எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் ராசி கெட்டவர் இல்லை. மெஷினுக்கு ஆளைத் தெரியாது; அது கண்டது கைகளை மட்டும்தான். எனவே இந்த ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் எழுதுங்கள். அந்த சீட்டில் உட்கார்ந்தால் நீங்கள் செய்வது, திம்மராயன் செய்யாதது, என்ன? எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஜோதிமணி

*

786
மத்திகிரி
7-11-1993

ஜோதிம்மா,

உன் லெட்டர் வந்து ஒரு வாரம் ஆச்சு. நாலு தடவ எழுத உக்காந்தேன். ஒரு தடவ கெலவரப்பள்ளி டேம்ல தண்ணி தொறந்ததப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். எதாவது வேற கதயச் சொல்லித் தள்ளிப் போடலாம்னு பாக்கறேன். உனக்குத் தெரியும், எனக்குக் கதைக்குப் பஞ்சமில்ல. இன்னிக்கி ஒண்ணும் வரல.

பிரிண்டரு மேல ஒரு பட்டன் இருக்குதில்ல, பச்ச லைட்டு போட்டது. அத அமுக்குனா லைட்டு அமந்துரும், அடிக்கறது நின்னுரும். நான் அத அமுக்குவேன்.

ஏன்னு கேளு. நீ போன அடுத்த மாசமே சூப்பர்வைசர் என்னக் கூப்ட்டு, "ஏன் பாய், பேப்பர என்ன திங்கறீங்களா? மாசத்துக்கு ரெண்டு பெட்டிக்கு மேல கேக்காத"ன்னாரு. கூட எறங்குனா ஒரு வரி, ஏறுனா ஒரு வரி, அதுல யாரு என்னத்தப் படிக்கறா? செல்வம் ஒரு நாளு, "பாய், வீணா போற பேப்பர்ல நாலு குடுத்தா முத்துமணிக்கு நோட்டு தச்சுக் குடுப்பேன்"னான். சரி, பகல்ல அமத்தி வெச்சா கம்பெனிக்கும் மிச்சம், கொழந்தைக்கும் ஆச்சு. காலைல அமுக்கறது, அஞ்சு மணிக்குக் கெளம்பறப்ப மறுபடி போட்டுடறது. ஜும்மாவுக்குப் போறப்பவும் போட்டுட்டுப் போவேன். திம்மராயன் பாத்தா சூப்பர்வைசர் கிட்ட சொல்லிருவான்னு பயம். ரெண்டு வருசமா இதான்.

உங்கிட்ட மறைக்கல. நீ கேக்கல, நானும் சொல்லல. ஆனா ஒண்ண மறைச்சேன். விசாரணைல மேனேஜர் அந்தப் பேப்பரத் தூக்கிக் காட்டி, "மத்தியானம் ஒரு வரிகூட இல்ல பாருங்க, கையால எறக்கியிருக்கான்"னாரு. எங்கிட்ட திரும்பி, "பிரிண்டர் நல்லா இருந்துச்சா?"ன்னாரு. "நல்லா இருந்துச்சு சார்"னேன். பிரிண்டர் நல்லாத் தான் இருந்துச்சு. அமத்தி வெச்சது நானு. அந்தப் பேப்பரு ஏன் வெறுமையா இருந்துச்சுன்னு அந்த ரூம்ல எனக்கு மட்டும் தான் தெரியும். வேல போயிருமேன்னு வாயத் தொறக்கல. செல்வம் மேல எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து உன்னத் திட்டி லெட்டர் எழுதுனேன்.

அதே பேப்பர்ல தான் எழுதுனேன்.

நீ தேடற கசிவுக்கும் இந்தப் பட்டனுக்கும் சம்பந்தம் இருக்காது. இருக்கக்கூடாதுன்னு துவா கேக்கறேன். இல்லன்னு ஒரு வரி எழுதிப் போடு.

மெஹபூப் பாஷா

*

பூனா
16-11-1993

பாய்,

இல்லை என்று எழுதத்தான் எனக்கும் ஆசை.

உங்கள் கடிதம் வந்த அன்றே இங்குள்ள பிரிண்டரின் பச்சை விளக்கை அணைத்தேன். எங்கள் ஆய்வறையில் அதை யாரும் அணைத்ததே இல்லை. இங்கே பேப்பரை மிச்சம் பிடிக்கும்படி யாரும் சொல்லவில்லை. கூடை இறங்குகிற சிக்னலைக் கையால் கொடுக்கக் கொடுக்க, எண் ஒவ்வொன்றாக இறங்கியது. நானூறு தடவை கொடுத்தேன். துண்டுகள் தீர்ந்ததும் திரையில் வெப்பநிலை 27 டிகிரி என்று நின்றது. வெப்பமானியை எடுத்துக் கொதிக்கிற வெந்நீரில் போட்டேன். 27 தான். கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

பிறகு அச்செடுத்த நிரலில் அந்த இடத்தைத் திறந்தேன். இருபத்து மூன்றில் பதினேழாவது இடம். பிரிண்டர் தயாராக இல்லை என்றால் நான்கு விநாடி பார்த்துவிட்டு வேலையைக் கைவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன். கைவிடும்போது துண்டைத் திருப்பித் தர ஒரே ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லை. அந்தப் பகுதிக்கு மேலே தேதி போட்டிருக்கிறேன். மறுநாள் உங்கள் தொழிற்சாலைக்குக் கிளம்ப வேண்டும் என்று அவசரத்தில் எழுதியது.

செல்வம் பார்த்தது அறுபத்திரண்டுதான். அவர் சரியாகப் பார்த்தார். சரியாகத்தான் இறக்கினார். இதை அவரிடம் உடனே போய்ச் சொல்லுங்கள்.

பட்டனைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டாம். அமுக்குவதற்காகத்தான் அந்தப் பட்டனை வைத்தார்கள். அதை அமுக்கியவர் குற்றவாளி இல்லை. அமுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூடப் பார்க்காத நான்தான் குற்றவாளி. விசாரணையில் நீங்கள் பேசாமல் இருந்ததைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் கையெழுத்திட்டவள்தான்.

எங்கள் கம்பெனிக்கும் உங்கள் மேனேஜருக்கும் எல்லாவற்றையும் விளக்கிப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். என் பெயரில்.

ஜோதிமணி

*

பூனா
3-12-1993

பாய்,

உங்களிடமிருந்து பதில் இல்லை. செல்வத்திடம் சொன்னீர்களா?

எங்கள் கம்பெனி கூப்பிட்டுப் பேசியது. புது சிப் ஒன்று அனுப்புவார்களாம். அதில் அந்த வரி இருக்கும். "வழக்கமான மேம்பாடு" என்று குறிப்பு எழுதுவார்களாம். விபத்துக்கும் அதற்கும் தொடர்பு என்று யாரும் எங்கும் எழுதக்கூடாது என்றார்கள். நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்றேன். இனி அந்த மெஷின் பக்கம் போக வேண்டாம் என்று என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். உங்கள் மேனேஜர் தபாலைப் பெற்றுக்கொண்ட அத்தாட்சி அட்டை மட்டும் திரும்பி வந்தது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஜோதிமணி

*

786
மத்திகிரி
12-12-1993

ஜோதிம்மாவுக்கு.

இது தபாலாபீஸ்ல வாங்குன இன்லேண்டு. எடம் கம்மி. சுருக்கமா எழுதப் பாக்கறேன்.

செல்வத்த வீட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்க. போன ஞாயித்துக்கெழம போனேன். வெயில்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சிருந்துச்சு சரஸ்வதி. கை ரெண்டும் வெரலு ஒட்டிப் போயிருச்சு. உன் லெட்டர எடுத்துப் படிச்சேன். "செல்வம் பார்த்தது அறுபத்திரண்டுதான். அவர் சரியாகப் பார்த்தார்." ரெண்டு தடவ படிக்கச் சொன்னான். மூணாவது தடவ அவனே கூடச் சொன்னான். மூணு மாசத்துக்கு அப்புறம் கண்ணுல தண்ணி வந்துச்சு. சரஸ்வதி முந்தானைல மூஞ்ச மூடிக்கிச்சு. நானும் அத்தோட எந்திரிச்சு வந்திருக்கணும்.

"ஏன் பாய் நின்னுச்சு?"ன்னான்.

நீ வேணாம்னு எழுதியிருந்த. நானும் அப்படித் தான் நெனச்சுப் போனேன். "எதோ மெஷினு கோளாறுப்பா"ன்னேன். "என்ன கோளாறு?"ன்னான். அவன் என்னயப் பாத்தான். ஒருக்கா விசாரணைல வாய மூடிக்கிட்டவன் நானு. அவன் மூஞ்சிக்கு நேரா இன்னொரு தடவ முடியல ஜோதிம்மா. பட்டனச் சொன்னேன். பேப்பரச் சொன்னேன். மேனேஜர் முன்னாடி நின்னதச் சொன்னேன். அடிப்பான், துப்புவான்னு நெனச்சேன். கை இருந்தா அடிச்சிருப்பானோ என்னவோ.

ஒட்டுன வெரலக் குனிஞ்சு பாத்தான். அப்பறம், "அந்தப் பேப்பரு நான் கேட்டது தான பாய்"ன்னான்.

"இல்லப்பா, நீ கேக்காட்டியும் நான் அமத்தியிருப்பேன், சூப்பர்வைசர் தான்..."ன்னு என்னென்னவோ சொன்னேன். அவன் கேக்கல. "சுடலை கேட்டான் பாய், ஒரு நாளு. 'என்னண்ணே, பேப்பரு அடிக்கவே இல்லியே'ன்னான். 'ஏலே, எம் பொண்ணு படிக்கறா, சும்மா இரு'ன்னு நான் தான் அவன மாதிரியே பேசிக் கிண்டல் பண்ணேன்"ன்னான். அதுக்கப்புறம் வாயத் தொறக்கல. அறுபத்திரண்டும் சொல்றதில்ல இப்ப.

நான் கெளம்பறப்ப சரஸ்வதி உள்ள போயி முத்துமணியோட நோட்டெல்லாம் கொண்டாந்து குடுத்துச்சு. "எடுத்துட்டுப் போயிருங்க பாய், இது இங்க வேணாம்"னுச்சு. பொண்ணு, "அம்மா, கணக்கு பாதி இருக்கு"ன்னு பின்னாலயே வந்துச்சு. ஏழு நோட்டு. ஒரு பக்கம் முத்துமணி போட்ட பெருக்கல், மறு பக்கம் வெறும் வெள்ள. கவுருல கட்டிப் பரண்ல வெச்சிருக்கேன். என்ன பண்றதுன்னு தெரியல.

திங்கக்கெழம மேனேஜர் ரூமுக்குப் போனேன். விசாரணைல மறைச்சுட்டேன் சார், எழுதிக்குங்கன்னேன். உன் லெட்டரும் வந்திருக்கில்ல சார்னேன். அவரு கதவச் சாத்திட்டு, "பாய், அது முடிஞ்சு போன ஃபைலு. நீங்க பெரியவரு, போய் வேலயப் பாருங்க"ன்னாரு. கோவம்கூடப் படல. ரிப்போர்ட்ல செல்வம் பாக்காம எறக்கிட்டான்னு தான் இருக்கு. அப்படியே தான் இருக்கும். சுடலையோட அப்பனுக்கு நானே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். விலாசம் தப்புன்னு திரும்பி வந்துருச்சு.

வியாழக்கெழம பெங்களூர்ல இருந்து ஒரு பையன் வந்து சிப்ப மாத்துனான். பத்து நிமிசம். என்னத்துக்குத் தம்பின்னு கேட்டேன். "சும்மா, புதுசு"ன்னான். இப்ப நம்பரு கொறையறதில்ல. பட்டன அமுக்கிப் பாக்கச் சொன்னான், நான் தொடல.

பச்ச லைட்டு நாள் பூரா எரியுது. கூட எறங்குனா அடிக்குது, ஏறுனா அடிக்குது. நான் ஒவ்வொரு வரியா நின்னு படிக்கறேன். போன மாசம் மூணு பெட்டி ஆச்சு. இந்த மாசம் பாதிக்குள்ளயே ரெண்டாயிருச்சு. நேத்து ஸ்டோருல போயி மூணாவது கேட்டேன். எடுத்துக்கோன்னு கையக் காட்டுனாங்க. யாரும் எதுவும் கேக்கல.

மெஹபூப் பாஷா